வெள்ளவத்தை வீட்டில் பியானோ மாலை: வர நினைப்பவர்கள் கேட்பவை

கொழும்புக்கு வந்துபோகும் பயணிகளுக்காக, சிறு சிறு குழுக்களாக, என் வீட்டு முன்கூடத்தில் மாலை நேரங்களில் பியானோ வாசிக்கிறேன். ரொறன்ரோ, லண்டன், சூரிச்சிலிருந்து ஊர் பார்க்க வரும் நம்மவர்கள், சென்னை, கோவைப் பக்கத்துக் குடும்பங்கள், அவர்களோடு சேர்ந்து வரும் வெள்ளைக்கார மருமக்கள், முதுகுப்பையோடு தனியாகத் திரியும் இளையவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். கடைசிப் பகுதி, இதே வேலையைத் தாங்களும் தொடங்க விரும்பும் பியானோ ஆசிரியர்களுக்கு.

இது கச்சேரியா, வீட்டு விருந்தா?

கச்சேரிதான். மேடை, மைக், அறிவிப்பாளர் மட்டும் இல்லை. ஐம்பது நிமிட வாசிப்பு, நடுவில் கொஞ்சம் கதை, முடிந்த பிறகு தேத்தண்ணி. ஏதோ புதுமை என்று எண்ணி வருபவர்களிடம் நான் சொல்வது: பியானோ பிறந்ததே கூடத்தில்தான். 1700ஆம் ஆண்டளவில் புளோரன்ஸில் மெதிச்சி குடும்பத்திடம் வேலை பார்த்த கிறிஸ்டோஃபோரி என்ற கைவினைஞர் செய்த கருவி அது. இசையமைப்பாளர் சோபின் பெரிய மண்டபங்களைக் கண்டால் ஒதுங்குவார். பாரிஸ் வீட்டுக் கூடங்களில், தெரிந்த முகங்களுக்கு நடுவே வாசிப்பதையே விரும்பினார். ஆயிரம் பேருக்குக் கேட்கவேண்டிய ஒன்பதடிப் பியானோவெல்லாம் பிறகு வந்தது. கொழும்பிலும் ஒரு காலத்தில் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்) வீடுகளிலும் கறுவாத்தோட்டத்து பங்களாக்களிலும் பியானோ கூடத்துச் சாமானாகவே இருந்தது. ஆக, நான் செய்வது பழைய வேலை.

ஒரு மாலைக்கு எத்தனை பேர்? நாங்கள் இருபது பேர் வருகிறோம், எடுப்பீர்களா?

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை. இருபது பேர் என்றால் இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காரணம் இடம் மட்டுமல்ல. மனித உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிக்கும். வெறும் கூடத்தில் நீண்டு ஒலிக்கும் ஒரு சுரம், இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் சட்டென்று அடங்கிவிடும். கூடவே வெக்கை. பன்னிரண்டைத் தாண்டினால் யன்னல் காற்று எட்டாத ஒரு மூலை உருவாகிவிடும். அங்கே இருப்பவர் பாட்டைக் கேட்கமாட்டார், விசிறிக்கொண்டிருப்பார்.

இரண்டு பேர் மட்டும் வந்தாலும் சிக்கல் உண்டு. அவர்களுக்கு முகத்தில் ரசனையைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டிய கடமை வந்துவிடும். ஆறு பேராவது இருந்தால் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், இன்னொருவர் கூரையைப் பார்க்கலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டு மூன்று பேராக வருபவர்களை வேறொரு குழுவோடு சேர்த்துவிடுவது அதனால்தான்.

எங்களுக்கு மேற்கத்தேய இசை பற்றி ஒன்றும் தெரியாது. வந்து என்ன செய்வது?

உட்கார்ந்திருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதைக் கவனிக்கலாம் என்று ஒரு வரி சொல்வேன்: இடது கை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேளுங்கள், இந்த இடத்தில் மெட்டு கட்டைவிரலுக்குப் போகிறது, அப்படி. எப்போது கைதட்டுவது என்ற கவலை வேண்டாம். பிழையான இடத்தில் கைதட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நித்திரை வந்தால்?

வரும். பயணிகள் களைத்துப்போய் வருபவர்கள். சீகிரியாவில் ஏறி இறங்கி, எல்ல ரயிலில் கதவோரம் நின்று வந்து, அடுத்த நாள் அதிகாலை விமானத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மாலை தருகிறார்கள். என் நிரலையே அந்தக் களைப்பை மனதில் வைத்துத்தான் கட்டுகிறேன். ஒரு கதிரையில் தலை சாய்ந்தால் சத்தமாக வாசித்து எழுப்பமாட்டேன். குறட்டை கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

என்னென்ன வாசிப்பீர்கள்?

முன்கூட்டி அச்சடித்த நிரல் இல்லை. பத்து நிமிடம் முன்னால் வந்து விறாந்தையில் இருங்கள். கதைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். பொதுவாக முதலில் நாலு நிமிடத்துக்கு மிஞ்சாத, தாளம் தெளிவான ஒன்று. பிறகு மெதுவான இரண்டு. நடுவில் கறுப்புக் கட்டை விளையாட்டு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கனமான ஐரோப்பிய உருப்படி ஒன்று. கடைசியில் நீங்கள் கேட்பது.

கனமானது ஏன் நடுவில்? தொடக்கத்தில் எல்லாரும் கதிரையைச் சரிசெய்துகொண்டும் போனை அணைத்துக்கொண்டும் இருப்பார்கள். முடிவில் ஓட்டோ வந்துவிட்டதா என்று யாரோ ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்குவார். காது முழுதாகத் திறந்திருப்பது இருபதாவது நிமிடத்திலிருந்து நாற்பதாவது நிமிடம் வரை.

பியானோவில் கர்நாடக ராகம் வருமா? தாத்தா இது நடக்காத காரியம் என்கிறாரே?

தாத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம்தான் ராகத்தின் உயிர் என்றால், பியானோவுக்கு அந்த உயிர் இல்லை. சுத்தியல் கம்பியில் பட்ட அந்தக் கணத்தோடு சுரம் முடிவாகிவிட்டது. வீணைக் கம்பியை இழுப்பதுபோல் பிறகு அதை வளைக்க வழியில்லை. ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு இடங்கள், எல்லாம் சம இடைவெளி. இதே குறையைக் காரணம் காட்டித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. எழுபதுகளின் தொடக்கம் வரை அந்தத் தடை நீடித்தது. தோடி ராகத்தைப் பியானோவில் கேட்க விரும்புபவர் என் வீட்டுக்கு வரவேண்டாம். அது வராது.

ஆனால் சுர அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் நிறையவே கிடைக்கும். வெள்ளைக் கட்டைகளை ‘சி’யிலிருந்து வரிசையாக அழுத்தினால் சங்கராபரணத்தின் சுரங்கள். அதே வெள்ளைக் கட்டைகளில் ‘எஃப்’பை சட்ஜமாக, அதாவது ஆதார ‘ச’வாக, வைத்துக்கொண்டால் கல்யாணி, ‘ஜி’யில் தொடங்கினால் ஹரிகாம்போதி, ‘ஏ’யில் தொடங்கினால் நடபைரவி. மேற்கத்தேயர் ஹார்மோனிக் மைனர் என்று சொல்வது நம் கீரவாணி.

பயணிகளுக்கு நான் காட்டுவது கறுப்புக் கட்டைகளை. பியானோவைப் பார்த்தால் அவை இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருப்பது தெரியும். மூன்று சேர்ந்த கூட்டத்தில் இடது பக்கத்தது முதல் சட்ஜம். அங்கிருந்து கறுப்பை மட்டும் தொட்டுக்கொண்டே போனால் மோகனம். அந்தக் கூட்டத்தின் நடுக் கட்டையை சட்ஜமாக்கினால் மத்தியமாவதி. வலது பக்கத்ததை ஆக்கினால் ஹிந்தோளம். இரண்டு சேர்ந்த கூட்டத்துக்குப் போய் இடது கட்டையில் தொடங்கினால் சுத்த சாவேரி, வலது கட்டையில் தொடங்கினால் சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான். எது வீடு என்பது மட்டும் மாறுகிறது. இதைக் கிரகபேதம் என்பார்கள்.

இடது கையால் ஆதார சுரத்தைத் தம்புராவாகப் பிடித்துக்கொண்டு, வந்திருப்பவர்களில் யாராவது ஒருவரை வலது பக்கம் உட்காரவைத்து, கறுப்பில் இஷ்டப்படி விரல் வைக்கச் சொல்வேன். பிழை விட வழியே இல்லை. நான் ஆதாரத்தை மெல்ல மாற்ற மாற்ற, அவர் வாசிப்பது மோகனத்திலிருந்து ஹிந்தோளத்துக்கு நழுவும். ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாத இடம் இது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த மாமிமார் சிரித்துவிடுவார்கள். எதுவும் தெரியாத ஜெர்மன்காரரும் ஏதோ மாறியதை உணர்ந்து தலையைத் தூக்குவார்.

இன்னொன்றும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் மணலியிலும் சென்னையிலும் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனி பாண்டு வாத்தியங்களில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று பெயர்; ஏறக்குறைய நாற்பது, எல்லாம் சங்கராபரணச் சுரங்களில். அவற்றில் ஒன்று பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டு. கமகம் இல்லாமலே கட்டப்பட்டவை என்பதால் பியானோவில் கச்சிதமாக உட்காரும். லண்டன் பிள்ளைகளுக்கு இதை வாசித்துவிட்டு, இது யாருடைய பாட்டு என்று கேட்பேன். வீட்டுக்குள்ளேயே சண்டை தொடங்கும்.

சினிமாப் பாட்டு வாசிப்பீர்களா?

கேட்டால் வாசிப்பேன், இரண்டு வரை. எண்பதுகளின் பாட்டுகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தப் பாட்டுகளின் அடியில் ஓடும் பேஸ் கோடு பியானோவுக்கு நல்ல தீனி. மெட்டை மட்டும் வலது கையால் தட்டிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அதனால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் வந்து கேட்டால் தெரிந்ததுதான் வரும்.

பைலா?

நிச்சயமாக. போர்த்துக்கீசர் காலத்தின் எச்சமான அந்த ஆட்டப் பாட்டின் ஆறு-எட்டுத் தாளம் இந்த நாட்டில் எல்லாருக்கும் பொது. ஆனால் கடைசியில் மட்டும். பைலாவுக்குப் பிறகு யாரும் மறுபடி உட்காரமாட்டார்கள்.

கொழும்பு ஈரப்பதத்தில் பியானோ எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஒரு பியானோவை வைத்துக்கொண்டு கவலைப்படுபவர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக.

ஒரு பியானோவுக்குள் ஏறக்குறைய இருநூற்று முப்பது கம்பிகள் இருக்கின்றன. கட்டைகள் 88தான், ஆனால் மேல் சுரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள், கீழே போகப் போக இரண்டு, ஒன்று. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை பதினைந்து, இருபது தொன். அந்த விசையை இரும்புச் சட்டம் தாங்குகிறது. சத்தத்தைப் பெருக்குவது மெல்லிய ஸ்புரூஸ் மரப் பலகை. அந்தப் பலகைக்கு விருப்பமான ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கொழும்பில் சாதாரண நாளிலேயே எண்பதை ஒட்டி நிற்கும். பலகை ஈரத்தைக் குடித்துப் பொம்மும், கம்பிகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். எல்லா இடத்திலும் ஒரேயளவு ஏறினாலாவது பரவாயில்லை. நடுப்பகுதி கூட ஏறும், அடிச் சுரங்கள் குறைவாக ஏறும், அதனால் பியானோ தன்னோடு தானே சேராமல் போய்விடும்.

இது ஒரு பக்கம். கட்டைகளின் அச்சில் இருக்கும் சிறு துணி ஊதி, அழுத்திய கட்டை மேலே வராமல் நின்றுவிடும். கடற்காற்றின் உப்பு கம்பிகளைத் துருவாக்கும். கடலோர வீதியான மரைன் டிரைவை ஒட்டிய மாடிகளில் இது இன்னும் மோசம். சுத்தியலின் கம்பளியை அந்துப்பூச்சி தின்னும். கறையான் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிரித்தானியர் காலத்தில் இந்தப் பக்கத்து நாடுகளுக்கென்றே ஐரோப்பியக் கம்பனிகள் தனிவகைப் பியானோ செய்து அனுப்பின. பசையை மட்டும் நம்பாமல் மூட்டுகளைத் திருகாணியாலும் பித்தளையாலும் பிணைத்திருப்பார்கள். பழைய வீடுகளில் இன்னும் சில இருக்கின்றன.

நான் செய்வது: பியானோவின் அடியில், உள்ளே, மிகக் குறைந்த வாட் சூடாக்கும் கம்பி ஒன்று இரவும் பகலும் எரிகிறது. முந்தைய தலைமுறை இதற்குச் சின்ன பல்ப் வைத்தது. அதுவும் வேலை செய்யும், துணியில் படாமல் பார்த்துக்கொண்டால். வெளிச்சுவரோடு ஒட்டாமல் உள்சுவரில் வைத்திருக்கிறேன், சுவருக்கும் பியானோவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பூச்சிக்கு நப்தலின் உருண்டை. குளிர்நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு தடவை சுருதி சேர்த்தால் போதும் என்பார்கள். இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ட்யூனர் வரவேண்டும், ஒக்டோபர் இடிமழை முடிந்து டிசம்பர் பயணிகள் வருமுன் கட்டாயம் ஒருமுறை.

அப்படியென்றால் ஏன் ஏசி போடக்கூடாது? கூடம் புழுங்குகிறதே?

பயணிகள் வரும்போது மட்டும் ஏசி போட்டு, போனதும் அணைத்தால், பகலெல்லாம் ஈரம் குடித்த பலகை மூன்று மணிநேரத்தில் காயத் தொடங்கும். வெயிலில் போட்ட அப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பியானோவுக்கு ஈரத்தைவிட ஆபத்து ஈரம் ஏறி இறங்குவது. இருபத்துநான்கு மணிநேரமும் ஏசி ஓடவிட என் மின்கட்டணம் இடம் கொடுக்காது. ஆகவே உயரமான கூரை, திறந்த யன்னல், இரண்டு ஃபேன். பருத்தி உடுப்பில் வாருங்கள்.

கரன்ட் போனால் நிகழ்ச்சி ரத்தா?

மரப் பியானோவுக்கு மின்சாரம் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது இந்த நகரத்தில் தடையில்லாமல் ஓடிய பொழுதுபோக்குகளில் இதுவும் ஒன்று. எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் வெளிச்சமும் தேவையில்லை. ஃபேன் நின்றுவிடும் என்பதுதான் கவலை.

ரயில் சத்தம் கேட்குமா?

கேட்கும். கரையோர ரயில் பாதை கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் போகிறது. மாலையில் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் முடிந்து வருபவர்களை ஏற்றிக்கொண்டு பாணந்துறை, களுத்துறைப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நேர அட்டவணையைப் பார்த்து மெதுவான உருப்படிகளை இடைவெளிகளில் வைக்கிறேன். ஆனால் ரயில் அட்டவணையைப் பார்ப்பதில்லை. மெல்லிய இடத்தில் ஹோர்ன் அடித்தால் கை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். பள்ளிவாசல் பாங்கு சொல்லும்போதும் அப்படித்தான். அந்த ஓரிரு நிமிடம் கதைக்க நல்ல நேரம்.

எத்தனை மணிக்கு? இரவு விமானத்தைப் பிடிக்க முடியுமா?

ஆறரைக்குத் தொடக்கம், ஏழரையளவில் முடிவு, எட்டுக்குள் தேத்தண்ணியும் முடிந்துவிடும். பக்கத்து மாடிகளில் சாதாரண தரம், உயர்தரம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பரீட்சைக் காலத்தில் ஐந்தரைக்கே தொடங்கிவிடுவேன்.

கட்டுநாயக்காவுக்கு 2013இல் திறந்த அதிவேக வீதி இருந்தாலும் அது தொடங்குவது பேலியகொடையில். வெள்ளவத்தையிலிருந்து அதுவரை போவதுதான் பாடு. நள்ளிரவுக்குப் பிந்திய விமானம் என்றால் ஆறுதலாக வரலாம். பத்து மணி விமானத்தை வைத்துக்கொண்டு தயவுசெய்து வராதீர்கள். நீங்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதை மற்றவர்களும் பார்ப்பார்கள்.

நிகழ்ச்சி இல்லாத நாட்கள் எவை?

ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து இந்தப் பக்கம் வரும் நாட்கள். காலி வீதி நின்றுவிடும். அன்றைக்கு நானே வீதியில்தான் நிற்பேன். வெசாக் வாரமும் அப்படித்தான், வெளிச்சக் கூடு பார்க்கும் கூட்டத்தில் ஓட்டோ நகராது. மற்றப் போயா (பௌர்ணமி) தினங்களில் நிகழ்ச்சி உண்டு. அன்று நாடு முழுவதும் மது விற்பனை இல்லை என்று சிலர் கவலையோடு கேட்பார்கள். இங்கே எந்த நாளும் தேத்தண்ணிதான்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

கூட்டிவாருங்கள். முன் வரிசையில், பெடல் தெரியும் இடத்தில் உட்காரவிடுங்கள். கீழ்ப் பலகையைக் கழற்றிவிட்டு, கம்பியும் உள்வேலைப்பாடும் தெரிய வாசித்தால் ஆறு வயதுப் பிள்ளையும் அசையாது. வாசலில் சப்பாத்தைக் கழற்றுவது எல்லாருக்கும் பொது. நானும் வெறுங்காலோடுதான் பெடல் மிதிப்பேன்.

பெற்றோருக்கு ஒரே ஒரு விதி: றோல்ஸ், பற்றிஸ் போன்ற பொரித்த பலகாரம் வாசிப்பு முடிந்த பிறகுதான். எண்ணெய்க் கையோடு கட்டையைத் தொடவிடமாட்டேன், யாருடைய பிள்ளையானாலும்.

படம், வீடியோ எடுக்கலாமா?

ஒரு பாட்டுக்கு எடுங்கள், மிச்சத்துக்குப் போனை வையுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்து எழுபது ஆண்டு வரை நீடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களால் உங்களுக்குத் தொல்லை வராது. சினிமாப் பாட்டை யூடியூபில் ஏற்றினால் உரிமைக்காரர் கேட்டு வரக்கூடும். அது உங்கள் பாடு.

கட்டணம் எப்படி? கைட்டிடம் கொடுக்கவா?

குழுவுக்கு ஒரு தொகை, தலைக்கு இவ்வளவு என்று இல்லை. எட்டுப் பேர் வந்தாலும் பதினொருவர் வந்தாலும் ட்யூனர் எனக்கு ஒரே கூலிதான் கேட்கிறார். பணத்தை நேரே என்னிடம் தாருங்கள். கைட்டுக்கும் சாரதிக்கும் சாப்பாடும் கதிரையும் உண்டு, கொமிஷன் இல்லை. இதனால் சில குழுக்கள் வராமல் போயிருக்கின்றன, போகட்டும். கொமிஷன் கொடுக்கத் தொடங்கினால், இசை கேட்க விருப்பமில்லாதவர்களும் கடைக்குக் கூட்டிப்போவது மாதிரிக் கூட்டிவரப்படுவார்கள். விருப்பமில்லாத பன்னிரண்டு பேருக்கு முன்னால் ஐம்பது நிமிடம் நீண்ட நேரம்.

நாங்கள் தங்கியிருக்கும் வில்லாவுக்கு வந்து வாசிப்பீர்களா?

அங்கே பியானோ இருந்தால் ஒருநாள் முன்னால் வந்து பார்ப்பேன். அழகுக்காக வைத்த பியானோக்கள் நிறைய; மூடியைத் திறந்தால் மூக்கில் அடிக்கும் வாடையிலேயே பதில் தெரியும். பியானோ இல்லாவிட்டால், 88 கட்டையும் பாரம் வைத்த டிஜிட்டல் பியானோவை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம். செய்திருக்கிறேன். கடற்கரைத் தோட்டத்தில், அலைச் சத்தத்துக்கு நடுவில் அது பின்னணிச் சத்தமாகிவிடுகிறது. பின்னணிச் சத்தம்தான் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் மலிவு.

என் மகள் பியானோப் பரீட்சையில் கிரேட் ஐந்து முடித்தவள். அவளும் வாசிக்கலாமா?

தேத்தண்ணி நேரத்தில் பியானோ எல்லாருக்கும் திறந்திருக்கும். கட்டாயப்படுத்தாதீர்கள். விடுமுறையில் வந்த பிள்ளையை அந்நியர் முன்னால் வாசி என்று அம்மா அதட்டும் காட்சி எனக்குப் பிடிக்காது. நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நான் பியானோ கலைஞர், சுற்றுலா விசாவில் வருகிறேன். உங்கள் இடத்தில் ஒரு மாலை வாசித்துச் சம்பாதிக்கலாமா?

சுற்றுலா விசாவில் இந்த நாட்டில் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. தேத்தண்ணிக்கு வாசிக்கலாம்.

பெரிய மண்டபத்தில் கேட்க ஆசை. எங்கே போவது?

கறுவாத்தோட்டத்தில் கில்ஃபோர்ட் கிரசன்ட்டில் இருக்கும் லயனல் வென்ட் அரங்கின் அறிவிப்புகளைப் பாருங்கள். 1900இல் கொழும்பில் பிறந்த வென்ட்டை உலகம் புகைப்படக்காரராக அறியும். லண்டனில் சட்டம் படிக்கப் போய், ராயல் அகடமியில் பியானோவும் படித்துவிட்டு வந்தவர். 1944இல் இறந்தார். அவர் வாழ்ந்த இடத்தில் எழுந்த அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. நாடகமும் ஓவியக் கண்காட்சியும்கூட அங்கே நடக்கும். 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழுவும் ஆண்டுக்குச் சில கச்சேரிகள் வைக்கிறது. உங்கள் பயணத் தேதியோடு ஒன்று பொருந்தினால் என் மாலையை விட்டுவிட்டு அங்கே போங்கள். இசைக்குழுவோடு சேர்ந்த பியானோவை என் கூடத்தில் காட்ட முடியாது.

இனி, ஆசிரியர்கள் கேட்பவை. கிரேட் எட்டு, டிப்ளோமா இருக்கிறது. நானும் தொடங்கலாமா?

கொழும்பில் டிரினிட்டி, ராயல் ஸ்கூல்ஸ் பரீட்சைகளில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் ஏராளம். ஆனால் பரீட்சைக்கு மூன்று நாலு உருப்படியை ஒரு வருடம் தேய்க்கிறோம். சான்றிதழ் வந்ததும் மறந்துவிடுகிறோம். ஐம்பது நிமிடத்துக்கு, நோட்டைப் பார்க்காமல், அலுக்காமல் வாசிக்கக்கூடியது உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். பலருக்குப் பட்டியல் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கடினமானதைத் தேடவேண்டாம். கிரேட் ஐந்து அளவிலான பத்து உருப்படிகளை வடிவாக வாசிப்பவரிடம் பயணிகள் திரும்ப வருவார்கள்.

சத்தத்தைக் குறைத்து வாசிக்கப் பழகுங்கள். மண்டபத்துக்குப் பழகிய கை சின்னக் கூடத்தில் காதை அடைக்கும். மேல்மூடியைத் திறக்காதீர்கள், பியானோவுக்குக் கீழே தடித்த பாய் அல்லது கம்பளம் போடுங்கள், தரை டைல்ஸ் என்றால் கட்டாயம். பெடலை அரைவாசி மிதிக்கும் பழக்கம் வரவேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சும் பெடலின் கிறீச்சும்கூடக் கேட்கும். அந்தக் கிறீச்சுக்கு எண்ணெய் விடுங்கள், மூச்சை ஒன்றும் செய்யவேண்டாம்.

கதை குறைவாகச் சொல்லுங்கள். இசையமைப்பாளர் எந்த ஊரில் பிறந்தார், யாரைக் காதலித்தார் என்பதெல்லாம் பயணிகளின் போனிலேயே இருக்கிறது. காலையிலிருந்து கைட் சொன்ன வருடக்கணக்குகளைக் கேட்டுக் கேட்டு அவர்களின் காது நிறைந்திருக்கிறது.

மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பியானோ ஏற்ற முடியுமா?

நிமிர்ந்த பியானோ இருநூறு, இருநூற்றைம்பது கிலோ வரும். மாடி வீடுகளின் லிஃப்ட் பெரும்பாலும் போதாது. படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் அவர்களைக் கூட்டிவந்து வழியை அளக்கச் சொல்லுங்கள், பிறகு பியானோவைத் தேடுங்கள். பழைய பியானோ என்றால் விற்பவர் சொல்வதை நம்பாமல் உங்கள் ட்யூனரைக் கூட்டிப்போய்ச் சுருதி முளைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முளை நழுவினால் எத்தனை தடவை சேர்த்தாலும் ஒரு வாரம் நிற்காது. வெளிப் பூச்சின் மினுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் குழு எப்படிக் கிடைக்கும்?

ஜூலை, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகும் புலம்பெயர் குடும்பங்கள் கொழும்பில் ஓரிரு நாள் தங்கித்தான் போவார்கள். அவர்களில் ஒரு குடும்பம் கட்டாயம் உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ இருக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகள் மாமா வீட்டு சோபாவில் போனோடு கிடப்பார்கள். அவர்களைக் காசு வாங்காமல் கூப்பிடுங்கள், ஒரு மாலை முழுதாக வாசித்துப் பாருங்கள். எந்த உருப்படியில் போனைக் கையில் எடுக்கிறார்கள் என்று குறித்துவைத்து, அதை நிரலிலிருந்து தூக்கிவிடுங்கள். அடுத்த குழுவை அந்தப் பிள்ளைகளின் தாய்மாரே அனுப்புவார்கள். கட்டணத்தை அப்போது சொல்லலாம்.